றீசெற் ஊசியைக் கீழே வையுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் வயர்லெஸ் பூட்டுப் பொருத்தித் திரியும் தம்பி, தங்கைமாருக்கு,



போன மாரியில் ஒரு திங்கட்கிழமை பின்னேரம், கரடிப்போக்குச் சந்தியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு விடுதிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டு அறை, பன்னிரண்டு பூட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே ஹப். நான் போய் இறங்கும்போது உங்களில் ஒருவர் விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்து, ஒவ்வொரு பூட்டாகக் கழற்றி, முதுகுப்புறச் சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு றீசெற் அடித்துக்கொண்டிருந்தார். "அண்ணை, எல்லாத்தையும் முதல்லயிருந்து ஏத்தினாச் சரிவரும்" என்றார். காலையில் ஐந்து பூட்டுத்தான் ஹப்பில் தெரியாமல் இருந்ததாம். நான் போன நேரம் ஒன்பது தெரியவில்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நான்கு பூட்டின் விரல் அடையாளங்களும் இரகசிய இலக்கங்களும் ஊசியோடு போய்விட்டன. முதலாளி சூரிச்சிலிருந்து வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் தம்பியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அதே வேலையை அதே ஊசியோடு நானும் செய்திருக்கிறேன். ஆனால் நான் வானொலிப் பெட்டி திருத்தித் தொழில் பழகியவன். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோக் கறண்டில் செய்தி கேட்டோம். ஒரு பாகம் போனால் வேறு வாங்கலாம் என்ற வசதி கிடையாது. எது பழுது என்று தெரிகிற வரைக்கும் கை வைக்கமாட்டோம். நீங்கள் எங்களைவிடப் படித்தவர்கள். அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, ஜேர்மன் உதவியோடு கட்டிய தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் ஒரு பூட்டு "ஒப்லைன்" என்று காட்டிய உடனே ஊசியை எடுக்கிற பழக்கம் எங்கிருந்தோ தொற்றிவிட்டது.

அந்த விடுதியின் கதையை முழுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் பல பூட்டை ஒரு ஹப்பில் கட்டுகிற தொழிலின் பாதி அதற்குள் இருக்கிறது.

முதலில் கேட்டது, எப்பொழுதிலிருந்து என்று. "சனி ஞாயிறு ஒரு பிரச்சினையும் இல்லை. திங்கள் விடிஞ்சால் அஞ்சு லொக் இல்லை" என்றார் வரவேற்பில் இருந்த பிள்ளை. எந்த ஐந்து? எட்டாம் அறையிலிருந்து பன்னிரண்டாம் அறை வரை, அதாவது கட்டடத்தின் பின்பக்கம் முழுக்க. உங்களுக்கு நான் சொல்ல விரும்புகிற முதல் விஷயம் இதுதான். எல்லாப் பூட்டும் ஒரே நேரத்தில் போனால் ஹப்பையோ றவுட்டரையோ சந்தேகியுங்கள். ஒன்றே ஒன்று போனால் அதன் பற்றரியையும் கதவையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் போனால் இடையில் ஏதோ அறுந்திருக்கிறது. நாள் பார்த்து, மணி பார்த்துப் போனால், அங்கே ஒரு மனிதக் கை இருக்கிறது.

கை இருந்தது. அறை துப்புரவாக்குகிற அக்கா, விருந்தினர் வெளியேறிய அறைகளின் ரிப் சுவிச்சை விழுத்திவிடுவார். அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடிய பிறகு எந்த விடுதிக்காரருக்குத்தான் வேறு புத்தி வரும்? பூட்டு பற்றரியில் ஓடுகிறது, அறையில் கறண்ட் நின்றால் அதற்கென்ன என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் பின்பக்க ஐந்து பூட்டும் ஹப்போடு நேரே பேசவில்லை. ஏழாம் அறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் குத்தியிருந்த ஒரு ஸ்மார்ட் பிளக்தான் அவற்றின் செய்தியை வாங்கி ஹப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஏழாம் அறைக்குக் கிழமை நாளில் ஆள் வருவதில்லை. சுவிச் விழுந்தது, பிளக் செத்தது, ஐந்து பூட்டு அநாதையானது.

சிக்பீ வகைப் பூட்டுகளில் இதை மனதில் வைத்திருங்கள். பற்றரியில் ஓடும் சாதனம் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். இடைக்கிடை கண் விழித்து, தனக்குத் தபால் ஏதும் வந்ததா என்று தன் பக்கத்துப் பிளக்கிடமோ ஹப்பிடமோ கேட்கும். அது அடுத்தவரின் தபாலைச் சுமக்காது. "சாதனம் கூடக் கூட வலை பலமாகும்" என்று விற்பவர்கள் சொல்வது கறண்டில் எரிகிற பல்புக்கும் பிளக்குக்கும் உண்மை. பன்னிரண்டு பூட்டு மாட்டினாலும் வலை ஒரு முழமும் நீளாது. பாரம் மட்டும் கூடும்.

அந்தப் பாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. "200 சாதனம் வரை" என்று பெட்டியில் எழுதியிருப்பது முழு வலைக்கும் சேர்த்து. ஹப் நேரடியாகத் தாங்கக்கூடியது அதைவிட மிகக் குறைவு. பலரும் மலிவாக வாங்கிப் பாவித்த பழைய சிசி2531 சில்லு நேரடியாக ஏறக்குறைய 20 சாதனத்தோடு மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு வந்த சிசி2652 ஏறக்குறைய 50. இருபதோ ஐம்பதோ, நிரம்பிய பிறகு அடுத்த பூட்டு இணைய மறுக்கும். நீங்கள் அந்தப் பூட்டைத் திட்டி, ஊசி குத்துவீர்கள். இசெட்-வேவ் வகையில் ஒரு ஹப்புக்குக் கீழே 232 சாதனம் வரை பெயர் பதியலாம், செய்தி நான்கு கை மாறலாம். ஆனால் தூங்குகிற பூட்டைத் தட்டி எழுப்புவதற்கு "பீமிங்" தெரிந்த இடைச் சாதனம் வேண்டும். பழைய பிளக்குகள் சிலவற்றுக்கு அது தெரியாது. புளூரூத் பூட்டுகளின் கேட்வே இன்னொரு விதம். பல பூட்டுகள் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பையே ஏற்கும். விருந்தினர் கதவடியில் நின்று தன் போனால் பூட்டைப் பிடித்து வைத்திருந்தால் கேட்வேக்கு அது "இல்லை". ஐந்து நிமிடம் கழித்துத் தானாக வரும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஊசியை எடுக்காதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

விடுதிக்குத் திரும்புவோம். ஏழாம் அறைப் பிளக்கைக் கழற்றி, விறாந்தைக் கூரைப் பலகைக்கு மேலே, யாரும் நிறுத்தாத லைற் லைனில் மாட்டினேன். நடுவில் இன்னொன்று. அரை மணித்தியாலத்துக்குள் றீசெற் அடிக்காத பூட்டுகளில் இரண்டு தானாக வந்துவிட்டன, ஒன்றுக்குப் பற்றரியைக் கழற்றிப் போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேலை. றீசெற் அடித்தவற்றுக்கு அடுத்த நாள் மத்தியானம் வரை போனது. ஏன் அவ்வளவு நேரம் என்றால், ஹப்பின் பட்டியலில் அவற்றின் பழைய பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பூட்டை ஹப்பிலிருந்து முறைப்படி விலக்காமல் தனியே றீசெற் அடித்தால், ஹப்புக்கு அது தெரியாது. செத்தவருக்குத் தபால் போட்டுக்கொண்டே இருக்கும். இசெட்-வேவ் ஹப்பில் இப்படி நாலைந்து பேய்ப் பெயர்கள் சேர்ந்தால் நல்ல பூட்டுகளும் மந்தமாகிவிடும். முதலில் ஹப்பில் விலக்கு, பிறகு பூட்டில் அழி, பிறகு மறுபடி சேர். ஒவ்வொன்றாக, அது நிற்கப் போகிற கதவிலேயே வைத்து. மேசையில் பன்னிரண்டையும் அடுக்கி வைத்துச் சேர்ப்பது வசதிதான். ஆனால் அங்கே ஒவ்வொரு பூட்டும் பக்கத்தில் இருக்கிற ஹப்பையே தன் வழியாகப் பழகிக்கொண்டு, பன்னிரண்டாம் அறைக்குப் போன பிறகும் அதையே தேடும்.

இனிக் கொஞ்சம் விரைவாகச் சொல்கிறேன்.

ஹப்பை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். "கள்ளர் கொண்டுபோயிடுவாங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்வார். அலுமாரிக்குள் இருக்கிற ஹப்பை ஏற்கெனவே கள்ளர் கொண்டுபோன மாதிரித்தான். சிசிரிவி பெட்டியின் தலையிலும் வைக்கவேண்டாம். சின்னக் கணினியில் குத்துகிற ஹப் என்றால், யூஎஸ்பி 3 வகை ஹாட்டிஸ்கிலிருந்தும் அதன் வயரிலிருந்தும் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். இன்டெல் நிறுவனமே 2012 இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. ஒரு மீற்றர் நீட்டு வயர் போட்டு ஹப்பைத் தள்ளி வையுங்கள், சின்னச் செலவுதான். வைஃபையும் சிக்பீயும் புளூரூத்தும் அதே 2.4 இல்தான் தள்ளுப்படுகின்றன. றவுட்டரை ஒன்றாம் சனலில் நிறுத்தினால் சிக்பீயை 20 அல்லது 25 க்குக் கொண்டுபோகலாம். ஆனால் இதை முதல் பூட்டு ஏற்றுவதற்கு முன்னரே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றினால், தூங்கிக்கொண்டிருக்கிற பூட்டுகள் சில கூடவே வராது.

வெளிநாட்டுப் பார்சல்கள் பற்றி ஒரு வார்த்தை. அக்கா கனடாவிலிருந்து பூட்டு அனுப்புவார், தம்பி ஜேர்மனியிலிருந்து ஹப் அனுப்புவார். இரண்டிலும் இசெட்-வேவ் அடையாளம் இருக்கும். கனடாப் பூட்டு 908.4 மெகாஹேட்சில் பேசும், ஜேர்மன் ஹப் 868.4 இல் கேட்கும். நூறு தரம் ஊசி குத்தினாலும் இரண்டும் ஒருவரையொருவர் அறியமாட்டா. பரந்தனில் ஒரு புதுவீட்டில் நான் இரண்டு நாள் இதில் கிடந்து மாய்ந்தேன். மூன்றாம் நாள்தான் பெட்டியின் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசித்தேன். வாசிக்காமல் தொடங்கியதற்கு அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் கூலி வாங்கவில்லை. காசு கேட்கும் முன் பெட்டியைக் கேளுங்கள்.

பற்றரி. கடையில் மலிவாகக் கிடைக்கிற சாதாரண கார்பன் பற்றரி மணிக்கூட்டுக்குச் சரி, மோட்டர் இழுக்கிற பூட்டுக்குச் சரிவராது. அல்கலைன் போடுங்கள். றீசார்ஜ் பற்றரி நான்கு போட்டால் 4.8 வோல்ற்தான், அல்கலைன் நான்கு 6 வோல்ற். பூட்டு வோல்ற்றைப் பார்த்து வீதம் சொல்வதால், முதல் நாளே "பற்றரி குறைவு" என்று கத்தும், அல்லது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே திடீரென்று படுத்துவிடும். பழையதும் புதியதும் கலக்காதீர்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கதவு பற்றிப் பேச நிறைய இருக்கிறது. எங்கள் ஊரில் கதவு முதிரை, பாலை, தேக்கு. மாரி பிறந்தால் மரம் ஊதும். ஐப்பசி, கார்த்திகையில் வருகிற "லொக் வேலை செய்யேல்லை" அழைப்புகளில் பாதிக்கு மேல் அலை சம்பந்தப்பட்டதே இல்லை. நாக்கு நிலையின் துளைக்குள் உராய்கிறது, மோட்டர் திணறுகிறது, இரண்டு மூன்று தரம் முயன்று பற்றரியைக் குடிக்கிறது, கடைசியில் செயலி "தொடர்பில்லை" என்று ஒரு பொய்யைச் சொல்கிறது. சோதிப்பது சுலபம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டிப் பாருங்கள். திறந்த கதவில் நாக்கு சுளுவாக வந்து, மூடிய கதவில் முனகினால், உங்களுக்குத் தேவை உளியும் அரமும். நிலையின் துளையை ஓர் இரண்டு மில்லிமீற்றர் அகட்டினால் போதும். நான் கண்ட மிகச் சிறந்த ஸ்மார்ட் பூட்டு ரெக்னிசியன் முல்லைத்தீவில் இருக்கிற ஒரு தச்சர். அவரிடம் ஸ்மார்ட் போன் கிடையாது.

மணிக்கூட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும், உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள். 1996 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதத்தில் அதை அரை மணியாகக் குறைத்தது. வன்னியில் பழைய நேரமே ஓடியது. வவுனியாவிலிருந்து ஓமந்தை தாண்டி வந்தால் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைப்போம். 2006 ஏப்ரலில்தான் முழு நாடும் மறுபடி எங்கள் நேரத்துக்கு வந்தது. அந்த அரை மணியை நான் மறந்தே போயிருந்தேன், ஒரு விடுதிப் பூட்டில் அதைத் திரும்பச் சந்திக்கும் வரை. விருந்தினருக்குக் கொடுக்கிற இலக்கம் காலை 11 மணி வரை செல்லும் என்று போட்டால் 10.30 க்கே பூட்டு ஏற்க மறுக்கிறது. பூட்டு, ஹப், இணையம் எல்லாம் ஒழுங்கு. பொருத்தியவர் நேர வலயப் பட்டியலில் கொழும்பைக் காணாமல் டாக்காவைத் தொட்டிருந்தார். அங்கே நேரம் எங்களுக்கு அரை மணி முன். எதிர்பாராத விதமாக இலக்கம் செத்தால் முதலில் பூட்டின் மணிக்கூட்டைப் பாருங்கள். பற்றரி முற்றாக இறந்து மாற்றிய பிறகும் பாருங்கள். சில பூட்டுகள் அப்போது ஏதோ ஒரு பழைய ஆண்டில் போய் நிற்கும்.

இனிமேல் சொல்லப்போவதில் சிலருக்குக் கோபம் வரலாம். பூட்டை உங்கள் சொந்தப் போன் இலக்கத்தில் பதியாதீர்கள். அவசரத்துக்கு அப்படிச் செய்கிறோம், பிறகு மாற்றுவோம் என்று விட்டுவிடுகிறோம். ஒரு தம்பி பதினொரு பூட்டைத் தன் கணக்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். பழைய சிம் இல்லை, பாஸ்வேட் நினைவில்லை. பதினொரு கதவுக்கும் உரிமையாளர் கட்டாரில், கதவின் சொந்தக்காரர் கதவடியில். அந்த இடத்தில் ஊசியைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம், ஒருவரின் படுக்கையறையைத் திறக்கிற அதிகாரம் உங்கள் போனில் கிடக்கக்கூடாது. வேலை முடிகிற அன்றே வீட்டுக்காரரின் பெயரில் கணக்கைத் திறந்து கொடுத்து, அவர் கண் முன்னால் உங்களுடையதை அழியுங்கள்.

அப்டேற் வந்தால் எல்லாப் பூட்டுக்கும் ஒன்றாக ஏற்ற வேண்டாம். 2017 ஓகஸ்டில் அமெரிக்காவில் லொக்ஸ்ரேற் என்ற நிறுவனம் ஒரு மாதிரிப் பூட்டுக்கான மென்பொருளைத் தவறுதலாக இன்னொரு மாதிரிக்கு அனுப்பி, ஏறக்குறைய 500 பூட்டுகளைச் செயலிழக்கச் செய்தது. பல பூட்டுகள் வாடகை வீடுகளில் இருந்தவை. தயாரித்தவருக்கே கை தவறும். பாவனையில் இல்லாத ஒரு அறையில் ஏற்றி, ஒரு கிழமை விட்டுப் பார்த்து, பிறகு மற்றவைக்குப் போங்கள்.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது நினைவிருக்கும். அன்று எனக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. "கறண்ட் இல்லை, உள்ளுக்குப் போகேலாது" என்று கத்தினார்கள். போகலாம். ஹப் செத்தாலும் பூட்டின் இலக்கப் பலகை பற்றரியில் வேலை செய்யும், விரல் வேலை செய்யும். தூரத்திலிருந்து திறப்பதுதான் முடியாது. இதை நாங்கள் பொருத்துகிற அன்றே சொல்லிக் கொடுக்கவில்லை, அதுதான் பிழை. கறண்ட் திரும்பியதும் இன்னொரு சிக்கல்: ஹப் விரைவாக எழும்பி இணையத்தைத் தேடும், றவுட்டர் இன்னும் கண் விழித்திருக்காது, சில ஹப்புகள் அதோடு சோர்ந்து இருந்துவிடும். றவுட்டர் முழுதாக வந்த பிறகு ஹப்பை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். இரண்டுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கடைசியாகத் திறப்பு. உலோகத் திறப்பு. அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாமார் "எனக்கு ஒரு உண்மையான திறப்பு வேணும்" என்று கேட்கும்போது உங்களில் சிலர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். 2008 கடைசியில் இந்த ஊர் இடம்பெயர்ந்தபோது கதவையும் நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் அவர்கள். ஏற்ற வழியில்லாதவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது, கதவு இல்லை. அவர்கள் கேட்டால் கொடுங்கள். ஒஸ்ரியாவில் ஒரு மலைவாசத்தல ஹோட்டலின் கணினியை ஒருமுறை இணையக் கொள்ளையர் முடக்கி, புதிய அறை அட்டை போட முடியாமல் செய்து, 1,500 யூரோ பெறுமதியான பிற்கொயின் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முதலாளியும் பழைய திறப்புக்கே போவது பற்றித்தான் பேசினார். திறப்புத் துளை இல்லாத பூட்டை வன்னியில் வாசற்கதவுக்குப் போடாதீர்கள். ஒரு திறப்பைப் பக்கத்து வளவில் நம்பிக்கையானவரிடம் விடச் சொல்லுங்கள். பூட்டின் அடியில் 9 வோல்ற் பற்றரி தொட வைக்கிற இரண்டு புள்ளியோ யூஎஸ்பித் துளையோ இருந்தால் அதையும் காட்டிக் கொடுங்கள்.

ஒரேயொரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி போடுங்கள். எந்த அறையில் எந்தப் பூட்டு, அதன் தொடர் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்து, பற்றரி மாற்றிய திகதி, இடைப் பிளக் எந்தச் சுவரில், எந்த லைனில், சனல் எது, கணக்கு யார் பெயரில். பாஸ்வேட்டை மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கொப்பி உங்கள் பையில் இருக்கவேண்டாம், வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கூப்பிடப்படுவது நானாக இருக்கலாம். எனக்கு இப்போது முழங்கால் நோகிறது, பன்னிரண்டு கதவடியிலும் குந்தி எழும்ப முடியாது.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து உங்கள் பழைய வானொலி அண்ணை